தேர் இரண்டு, வெற்றி ஒன்று

பாமன்கடையிலுள்ள என் வீட்டு முன்விறாந்தையில் ஞாயிறுதோறும் மாலையில் நாலைந்து மாணவர் கூடுவது வழக்கம். யாப்பிலக்கணம் கேட்க வருபவர்கள் அவர்கள். அண்மையில் ஒருநாள் நான் உள்ளிருந்து வருவதற்குச் சற்றுத் தாமதமாயிற்று. வெளியே வந்து பார்த்தால் தளையும் இல்லை, தொடையும் இல்லை. மாணவர் இருவர் முகஞ் சிவக்க வாதாடிக்கொண்டிருந்தனர். வாதப்பொருள் மோட்டார்க் காரோட்டப் பந்தயம். ஓர் அணியிலே சாரதிகள் இருவர் இருக்க, அவ்வணியை நடத்துவோர் ஒருவனை முன்னிறுத்தி, மற்றவனை அவனுக்கு வழிவிடுமாறு பணிக்கலாமா என்பதே கேள்வி.

"அணி சொல்லுறதைக் கேக்காதவன் தனியக் கார் வாங்கி ஓடட்டும்" என்றான் ஒருவன்.

"வழிவிடத்தான் வேணுமெண்டால் அவனை ஏன் பந்தயத்துக்கு விடுவான்?" என்றான் மற்றவன்.

பிறகு இருவரும் என்னைப் பார்த்தனர். "சேர், நீங்களே சொல்லுங்கோ."

"முதலில் வெண்பாவை முடிப்போம், தம்பிமார்" என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்கிவிட்டேன். பாடம் முடிந்தது, கேள்வி முடியவில்லை. காரோட்டத்தைப் பற்றி அதுவரை அதிகம் அறியாத நான், அதன் பின்னர் பல இரவுகள் அதனைத் தேடிப் படித்தேன். பண்டிதனுக்கு இஃது ஏன் என்று வாசகர்கள் வினவலாம். அதற்கான விடை இக்கட்டுரையின் இறுதியில் இருக்கிறது.

வலவனும் சாரதியும்

போர்முலா வன் எனப்படும் உலகப் பந்தயத்தில் ஒவ்வோர் அணியும் இரண்டு கார்களை இறக்குகின்றது. முதலாவதாக வருபவனுக்கு 25 புள்ளி, இரண்டாமவனுக்கு 18, மூன்றாமவனுக்கு 15 என்பது 2010ஆம் ஆண்டு தொட்டு நிலவும் முறை. ஆண்டு முடிவில் பட்டங்கள் இரண்டு. சாரதிக்கு உரியது 1950ஆம் ஆண்டு முதலும், அணிக்கு உரியது 1958ஆம் ஆண்டு முதலும் வழங்கப்பட்டு வருகின்றன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஓர் அணியின் இரு கார்களும் முதலிரண்டு இடங்களைப் பெற்றால் அணிக்கு 43 புள்ளி கிடைக்கும். அவ்விருவருள் எவன் முன், எவன் பின் என்பதனால் அந்த 43 கூடவும் மாட்டாது; குறையவும் மாட்டாது. ஆகவே, இடத்தை மாற்றிக்கொள் என்று எழும் கட்டளை அணியின் கணக்கை உயர்த்துவதற்கன்று. ஒருவனுடைய பட்டத்துக்காக மற்றொருவனுடைய உழைப்பைச் செலவிடுவதே அதன் பொருள்.

நம் நாட்டு நுவரெலியாவில் ஏப்ரல் மாதப் பருவகாலத்தில் நடைபெறும் மகாகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டத்தில் இந்தச் சிக்கலே எழுவதில்லை. அங்கே ஒவ்வொரு காராகத் தனித்தனியே மலைப்பாதையில் ஏறும். கடிகாரம் தீர்ப்புச் சொல்லும். முன்னே செல்பவனும் இல்லை. வழிவிட வேண்டியவனும் இல்லை. பலர் ஒரே பாதையில் ஒருங்கே ஓடும்போதுதான் தோழனே தடையாகின்றான்.

தமிழ்நாட்டார் ஓட்டுநர் என்று சொல்வதை நாம் இலங்கையிலே சாரதி என்கின்றோம். சாரதி என்பவன் யார்? தேரின் முன்னே இருந்து குதிரைகளைச் செலுத்துபவன். போர் புரிபவன் பின்னே நிற்பவன். நம் சங்கச் செய்யுள்களில் வரும் வலவனும் அத்தகையவனே. வினைமுடித்து மீளும் தலைவன், தேரை விரைந்து செலுத்துமாறு அவனை ஏவுகின்றான், அவன் செலுத்துகின்றான். தலைவியை அடைபவன் தலைவன். வலவனுக்கு அப்பாட்டிலே பெயர்கூட இல்லை. பிறனுடைய வெற்றிக்காகத் தேர் செலுத்துவதே சாரதியின் பழைய இலக்கணம். இன்றைய காரோட்டத்திலோ சாரதியே வீரன். தேரும் அவனது, போரும் அவனது. அவனை நோக்கி, நீ இனி வலவனாகிவிடு என்று நடுவழியிலே சொல்லும்போதுதான் நெஞ்சு நெருடுகின்றது.

ஒருவர், மூன்று சம்பவங்கள்

இரு பக்கத்து நியாயத்தையும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் காணலாம். அவர் பிரேசில் நாட்டுச் சாவோ போலோவிற் பிறந்த பெலிப்பே மாசா. இத்தாலியின் பெராரி அணிக்குக் காரோட்டியவர்.

2007ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி, ஆண்டின் இறுதிப் பந்தயம் அவருடைய சொந்த ஊரிலேயே நடந்தது. மாசா முதலிடத்திலிருந்து புறப்பட்டு முன்னணியில் ஓடினார். ஆயினும் பட்டம் பெறும் வாய்ப்பு அவருக்கு ஏற்கெனவே அற்றுப்போயிருந்தது. அணித்தோழர் கிமி ரைக்கோனனுக்கு அது மயிரிழையில் நின்றது. வெற்றி தோழருக்குச் சென்றது. ரைக்கோனன் 110 புள்ளியுடன் உலக வீரரானார். எதிரணியாகிய மக்லாரனின் லூயிஸ் ஹமில்டனும் பெர்னாண்டோ அலொன்சோவும் ஆளுக்கு 109 பெற்று, ஒரே புள்ளியால் தோற்றனர்.

மறு ஆண்டு முறை மாறிற்று. 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி சீனாவிலே, தம் நம்பிக்கை அற்றுப்போன ரைக்கோனன், பட்டத்துக்குப் போராடிய மாசாவுக்கு வழிவிட்டு இரண்டாமிடத்தைக் கொடுத்தார். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தமை போன்றது அது. அவ்வாண்டு மாசா 97 புள்ளியும் ஹமில்டன் 98 புள்ளியும் பெற்றனர் என்பது வேறு கதை.

மூன்றாவது சம்பவம் 2010ஆம் ஆண்டு யூலை 25ஆம் திகதி ஜேர்மனியிலே நிகழ்ந்தது. அதற்குச் சரியாக ஓராண்டுக்கு முன், 2009ஆம் ஆண்டு யூலை 25ஆம் திகதி, ஹங்கேரியில் வேறொரு காரிலிருந்து கழன்று வந்த உலோகச் சுருள் தலைக்கவசத்தைத் தாக்கியதால் உயிருக்குப் போராடியவர் மாசா. மீண்டு வந்து, அதே திகதியில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தார். 19 பந்தயங்களுள் அது 11ஆவது; ஆண்டு பாதிக்கு மேல் சற்றே கழிந்திருந்தது. அந்நிலையில், பின்னே வரும் அலொன்சோ உன்னைவிட வேகமானவர் என்றும், சொன்னது விளங்கியதா என்றும் வானொலி வழியே அவருக்கு அறிவிக்கப்பட்டது. அலொன்சோ அப்போது பெராரியின் மற்றச் சாரதி. மாசா வேகத்தைக் குறைத்தார், அலொன்சோ வென்றார்.

மூன்றிலும் வெளித்தோற்றம் ஒன்றே: தோழன் ஒருவன் தோழனுக்கு வழிவிட்டான். ஆனால் முதலிரண்டையும் கேட்கும்போது நம் மனம் குளிர்கின்றது. மூன்றாவதைக் கேட்கும்போது கசக்கின்றது. ஏன்?

பயன் பார்த்துத் தீர்ப்பளிக்கலாமா?

வெற்றி கிடைத்தால் சரி, கிடையாவிட்டால் பிழை என்பார் உளர். இந்த அளவுகோல் நில்லாது. 2007இல் மக்லாரன் அணி, இருவரையும் சமமாக நடத்துவதாகச் சொல்லி ஒரு புள்ளியாற் பட்டத்தை இழந்தது. 2010இல் பெராரி அணி, ஒருவரை முன்னிறுத்தி அவருக்கு ஏழு புள்ளியைக் கூட்டிக்கொடுத்தும், ஆண்டு முடிவில் செபஸ்தியன் வெட்டலிடம் நான்கு புள்ளியால் தோற்றது. சமமும் தோற்றது, சார்பும் தோற்றது.

என் மாணவர் சண்டையிட்டதோ 2025ஆம் ஆண்டு நிகழ்ச்சியைப் பற்றி. இத்தாலியின் மொன்சாவில் மக்லாரன் அணியின் லாண்டோ நொரிஸ், அணித்தோழர் ஒஸ்கார் பியாஸ்திரிக்கு முன்னே ஓடினார். அணியினர் பியாஸ்திரிக்கு முதலிலே சக்கரம் மாற்றினர். பின்பு நொரிஸுக்கு மாற்றும்போது தாமதம் நேர்ந்தது. அதனால் பியாஸ்திரி முந்திவிட்டார். அணி அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது, அவர் கொடுத்தார். அவ்வேளையில் பட்டத்துக்கான பட்டியலில் முன்னின்றவர் பியாஸ்திரிதான். ஆண்டு முடிவில் நொரிஸ் 423 புள்ளி, வேற்றணி வீரர் மக்ஸ் வெர்ஸ்டப்பன் 421, பியாஸ்திரி 410. மொன்சாவிற் கிடைத்த மூன்று புள்ளி இல்லையாயின் நொரிஸ் 420இல் நின்று பட்டத்தை இழந்திருப்பார். ஆகவே அக்கட்டளை நல்லது என்று ஒருவன் முடிவுசெய்தான். அந்த மூன்று புள்ளியும் யாருடையவை என்று மற்றவன் கேட்டான்.

இரண்டாமவன் கேள்வியே சரியான கேள்வி. திருவள்ளுவர் நடுவுநிலைமையை அறத்துப்பாலில் வைத்தார். தெரிந்துவினையாடலைப் பொருட்பாலில் வைத்தார். இன்ன வேலைக்கு இன்னான் தக்கவன் என்று ஆராய்ந்து ஒப்படைப்பது தலைவனுடைய கடமை. அது சார்பாகாது. ஆயினும் பொருட்பாலைக் கற்பவன் அறத்துப்பாலைக் கடந்தே அங்கு வரவேண்டும் என்பது நூலின் வைப்புமுறையே நமக்கு உணர்த்துவது.

கொடையும் பறிப்பும்

காரோட்ட வரலாற்றிலே எனக்கு மிகப் பிடித்த நிகழ்ச்சி 1956ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதி, அதே மொன்சாவில் நடந்தது. பெராரி அணியின் முதல்வர் ஆர்ஜென்டீன நாட்டவரான ஜுவான் மனுவெல் பாஞ்சியோ. அவருடைய கார் பழுதாகி நின்றது. அக்கால விதிப்படி ஒருவர் தம் காரை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். லூயிஜி முஸ்ஸோ என்னும் தோழர் கொடுக்கவில்லை. பீட்டர் கொலின்ஸ் என்னும் இளைஞர் தம் காரை நிறுத்தி, இறங்கி, அதனைப் பாஞ்சியோவுக்குக் கொடுத்தார். பட்டம் வெல்லும் வாய்ப்பு அப்போது கொலின்ஸுக்கும் இருந்தது என்பதே இதிலுள்ள சிறப்பு. அக்காரிலே இரண்டாவதாக வந்த பாஞ்சியோ 30 புள்ளியுடன் உலக வீரரானார், ஸ்டேர்லிங் மொஸ் 27, கொலின்ஸ் 25. கொலின்ஸுக்கு வயது 24. இன்னும் காலம் இருந்தது என்று கருதினார் போலும். ஆனால் 1958ஆம் ஆண்டு ஜேர்மனியில் ஒரு பந்தயத்திலே அவர் உயிர் துறந்தார். பட்டம் அவருக்குக் கிட்டவே இல்லை.

முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி என்று நாம் பெருமை பேசுகின்றோம். அது பாரியின் தேர், கொடுத்தவன் பாரி, ஆதலால் அது கொடை. அரசன் ஏவ, மற்றொருவன் தன் தேரை முல்லையின்கீழ் விட்டுச் சென்றிருப்பானாயின் அதனைக் கொடை என்போமா? கொலின்ஸ் கொடுத்தது கொடை. முஸ்ஸோ கொடுக்க மறுக்கவும் முடிந்தது என்பதனாலேயே அது கொடையாயிற்று.

இதன் மறுபுறத்தைத் துரோணர் காட்டுகின்றார். அருச்சுனனுக்கு நிகர் எவனும் இலனாகச் செய்வேன் என்று வாக்களித்த ஆசிரியர், ஏகலைவனிடம் வலக்கைப் பெருவிரலைத் தட்சணையாகக் கேட்டார். ஏகலைவன் தயங்காது கொடுத்தான். வாயளவில் அதுவும் கொடைதான். ஆனால் மறுக்க இயலாதவனிடம் கேட்பது கேட்பதன்று, பறிப்பதே. தட்சணை என்ற சொல் அப்பறிப்பின்மேல் இட்ட போர்வை.

இந்தப் போர்வையைக் காரோட்டக்காரரும் அறிவர். 2002ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி ஒஸ்திரியாவில், பந்தயத்தின் பெரும்பகுதியிலும் முன்னின்ற ருபென்ஸ் பரிக்கெல்லோ, முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னே வேகம் தணிந்து, தோழர் மைக்கல் ஷூமாக்கருக்கு வெற்றியைக் கொடுக்க நேர்ந்தது. அது 17 பந்தயங்களுள் ஆறாவதே. பார்வையாளர் கூக்குரலிட்டனர். வெட்கமுற்ற ஷூமாக்கர் தோழரை மேடையின் உச்சிப்படியில் ஏற்றினார். மேடை ஒழுங்கை மீறியதற்காகப் பத்து இலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டு, அதிற் பாதி நிறுத்திவைக்கப்பட்டது. அவ்வாண்டின் முடிவில் ஷூமாக்கருக்கு 144 புள்ளி, பரிக்கெல்லோவுக்கு 77. பறித்தெடுத்த நான்கு புள்ளிக்கு ஒரு தேவையும் இருக்கவில்லை.

அதன் பின் 2003ஆம் ஆண்டிலிருந்து அணிக்கட்டளை தடைசெய்யப்பட்டது. தடை கட்டளையை ஒழிக்கவில்லை, மறைத்தது. நன்னூலார் குழூஉக்குறி என்று ஒன்று சொல்வார். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பொருள் விளங்க வழங்கும் சொல் அது. மாசாவுக்குச் சொல்லப்பட்டதும் குழூஉக்குறியே. வேகத்தைப் பற்றிய செய்தி என்று வெளியே. வழிவிடு என்று உள்ளே. அணிக்கு ஓரிலட்சம் டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. 2011 முதல் தடை நீக்கப்பட்டது. வெளிப்படையான அநீதியைவிட மறைவான அநீதி பெரிது என்பதை அவர்கள் எட்டு ஆண்டுகளிற் கண்டுகொண்டனர் என்று நான் எண்ணுகின்றேன்.

நம்மவர் என்றால்

வெள்ளைக்காரர் பந்தயத்தில் நீதி பேசுவது எளிது. நம்மவர் ஒருவர் ஓடும்போது நம் துலாக்கோல் எப்படி நிற்கின்றது என்றும் பார்ப்போம். கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டு போர்முலா வன்னில் ஓடிய முதல் இந்தியரானார். அவ்வாண்டு யூன் 19ஆம் திகதி அமெரிக்காவிலே, சக்கர உறைகளின் பாதுகாப்புப் பற்றிய தகராற்றால் பலர் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டும் ஓடின. ஜோர்டான் அணியின் தியாகோ மொன்தேரோ மூன்றாவதாகவும், அவருடைய தோழரான நரேன் நான்காவதாகவும் வந்தனர். மேடையில் மூவருக்கே இடம். ஓரிடம் முன்னே வந்திருக்கக் கூடாதா என்று ஏங்காத தமிழ் உள்ளம் அன்று இருந்திருக்குமா?

2011ஆம் ஆண்டு யூலையில், ஹிஸ்பானியா என்னும் சிறிய அணியில் நரேனுடைய ஆசனம் அவுஸ்திரேலிய இளைஞரான டேனியல் ரிக்கியார்டோவுக்குக் கொடுக்கப்பட்டது. அநீதி என்று நம்மவர் வருந்தினர். ஒக்டோபர் 30ஆம் திகதி, இந்தியாவில் முதன்முதலாகப் பந்தயம் நடந்தபோது, அதே அணி நரேனை மீண்டும் அழைத்தது. அதற்காக ஆசனத்தை விட்டு விலகியவர் இத்தாலியரான விற்றான்ரோனியோ லியுட்சி. நரேன் ரிக்கியார்டோவுக்கும் முன்னே 17ஆவதாக முடித்தார், நாம் மகிழ்ந்தோம். லியுட்சியைப் பற்றி நம்மில் எவர் கேட்டார்? யூலையில் நீதி பேசிய நாக்கு ஒக்டோபரில் உறங்கிவிட்டது. நம்மவன் பின்னே நின்றால் நடுவுநிலைமை. முன்னே நின்றால் தெரிந்துவினையாடல்.

என் கதை

இனி, இவ்வளவும் நான் தேடிப் படித்ததற்குரிய காரணம். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது கற்பித்த பாடசாலையின் விவாத அணியை நடத்தினேன். தொகுப்புரை வழங்கும் பொறுப்பில் மாணவன் ஒருவன் இருந்தான். தவணை முழுவதும் உழைத்து அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுவந்தவன் அவனே. அதே அணியில் வேறொருவன். கணீரென்ற குரல், சபையை வசப்படுத்தும் ஆற்றல். இறுதிப் போட்டியன்று காலையில் இருவரையும் மாற்றினேன். முன்னவன் "ஓம் சேர்" என்றான். வேறு என்ன சொல்வான்? வெற்றிக் கிண்ணம் எங்களுக்குக் கிடைத்தது. முன்னவன் ஏன் பேசவில்லை என்று நடுவர் ஒருவர் கேட்டபோது, அவனுக்குத் தொண்டைக்கட்டு என்று சொன்னேன். அவன் என் பக்கத்திலேயே நின்றான்.

சில மாதங்களுக்கு முன் வெள்ளவத்தையிலே ஒரு கடைவாசலில் அவரைக் கண்டேன். கணக்காளராக இருக்கிறார். மரியாதையாகப் பேசினார். நானே பழங்கதையைத் தொடங்கினேன்.

"அவரைப் பேசவிட்டது எனக்குக் கோபமில்லை, சேர். அவர் என்னைவிட நல்லாப் பேசுவார்; எனக்கும் தெரியும். ஆனால் எனக்குத் தொண்டைக்கட்டு எண்டு சொன்னீங்கள். அண்டைக்கு முழுக்க நான் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை. கதைச்சால் சேர் பொய் சொன்னதாப் போயிடும் எண்டு."

நான் விடை சொல்லாமல் நின்றேன். என் பொய்யைக் காப்பதற்காக ஒரு பேச்சாளன் ஒருநாள் முழுவதும் வாய் திறவாதிருந்திருக்கின்றான். இருபது ஆண்டுகளாக அக்கிண்ணத்தைப் பற்றிப் பெருமை பேசியவன் நான்.

தீர்ப்பு

அடுத்த ஞாயிறு என் மாணவரிடம் நான் சொன்னதை இங்கும் சொல்கின்றேன். அணி ஒருவனை முன்னிறுத்தலாம். ஆயின், எந்நிலையில் வழிவிட வேண்டும் என்பதைப் பந்தயத்துக்கு முன்னரே இருவருக்கும் ஒருங்கே சொல்லவேண்டும். ஒருவனுடைய நம்பிக்கை உயிரோடிருக்கும்போது அதனைக் கேட்கலாகாது. அவனாகத் தருவானாயின் வணங்கிப் பெறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வழிவிட்டவன் வழிவிட்டான் என்பதை உலகறியச் சொல்லவேண்டும். முன்னிறுத்துவது தலைமை, பறிப்பது கொடுமை, பறித்ததை மறைப்பது, பறிகொடுத்தவனிடம் எஞ்சியிருந்த ஒரே பொருளாகிய பெயரையும் பறிப்பது.

மாணவர் இருவரும் முழுமையாக உடன்படவில்லை. அஃது அவர்கள் உரிமை.

நான் மாத்திரம் ஒன்றைச் செய்யக் கடமைப்பட்டுள்ளேன். அந்த இறுதிப் போட்டியன்று என் மாணவனுக்குத் தொண்டைக்கட்டு இருக்கவில்லை. நான் கேட்டதனால் அவன் வழிவிட்டான்.